பொன்னும் புனலும்

நிலம் மனிதனுக்கு வழங்கும் வளங்களை இரு வகையாகப் பகுத்துக் கூறலாம். எடுக்க எடுக்கக் குறைந்து, ஒரு நாள் முற்றும் தீர்ந்துபோவது ஒரு வகை. எடுத்த பின்னும் பருவந்தோறும் மீண்டும் வந்து நிரம்புவது மற்றொரு வகை. பொன், நிலக்கரி, கல்லெண்ணெய் முதலியன முதல் வகையைச் சேர்ந்தவை. வெயில், காற்று, மழை, ஆற்றுநீர் ஆகியன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. முன்னதைச் செல்வமென்று போற்றிப் பூட்டி வைப்பதும், பின்னதை எளிதிற் கிடைப்பதென்று எண்ணி இகழ்வதும் உலகியல்பு. திருவள்ளுவரோ, கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அந்த வைப்பு முறையே மழையின் பெருமையை நன்கு உணர்த்தும்.

இவ்விரு வளங்களின் இயல்பையும் ஒருங்கே காட்டும் நிலப்பகுதி ஒன்று தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் உள்ளது. அது கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட மேட்டு நிலமாகும். அதன் வடக்கே, கருநாடக எல்லைக்கு அப்பால், கோலார் தங்கவயல் இருக்கிறது. அதன் தென்மேற்கே காவிரி வீழ்கின்ற சிவசமுத்திரம் இருக்கிறது. தெற்கே மேட்டூர் அணை இருக்கிறது. பொன் விளைந்த இடம் ஒருபுறமும், புனல் மின்னாகும் இடங்கள் இருபுறமுமாக அமைந்த இந்நிலத்தின் வரலாறு, நீர்மின் ஆற்றலின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு நல்லதொரு பாடமாக அமைகின்றது.

நீரிலிருந்து மின்சாரம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். கதிரவனின் வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி மேலெழுந்து, முகிலாகி, மலைமேல் மழையாகப் பொழிகிறது. அவ்வாறு உயர்ந்த இடத்திற்கு ஏற்றப்பட்ட நீர், தாழ்ந்த இடத்தை நாடி ஓடுகின்றது. ஓடும் நீரில் விசை உண்டு. அந்நீரைப் பெரிய இரும்புக் குழாய்களின் வழியே செலுத்தி, டர்பைன் எனப்படும் சுழலியின் இதழ்களின்மேல் மோதுமாறு செய்தால், சுழலி சுற்றும். சுழலியோடு இணைந்த மின்னாக்கியும் உடன் சுற்றி மின்சாரத்தை உண்டாக்கும். ஆகவே, நீர்மின் நிலையத்தில் எரிபொருள் என்று ஒன்று எரிவதில்லை, புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. நீரை மலைமேல் ஏற்றிவைக்கும் பெரும்பணியைக் கதிரவன் கூலியின்றிச் செய்து தருகின்றான்.

கிடைக்கும் மின்னாற்றலின் அளவு இரண்டைப் பொறுத்தது. ஒன்று நீரின் அளவு. மற்றொன்று அது வீழும் உயரம். விநாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து வீழுமாயின், அதனிடம் ஏறத்தாழ 980 கிலோவாட் ஆற்றல் உண்டு. பொறிகளில் நேரும் இழப்புப் போக, அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மின்சாரமாகக் கைக்கு வரும். உயரம் மிகுதியாயின் நீர் சிறிதே போதும். நீர் மிகுதியாயின் உயரம் சிறிதே போதும். நீலகிரியில் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்னிலையம் முதல் வகைக்குச் சான்று. அங்கே நீர் 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கிச் சுழலியை மோதுகிறது. காவிரி மேட்டூருக்குக் கீழே சமவெளியில் இயக்கும் மின்னிலையங்கள் இரண்டாம் வகைக்குச் சான்றுகள்.

இனிக் கோலாரின் கதையைக் காண்போம். கோலார்ப் பகுதியில் பழங்காலத்திலேயே பொன் எடுத்தனர். எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான், ஆங்கிலேயக் கழகங்கள் பெரும் பொறிகளைக் கொண்டு அங்கே ஆழ்ந்த சுரங்கங்களைத் தோண்டின. அச்சுரங்கங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர். வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து, வறட்சியாலும் வறுமையாலும் உந்தப்பட்டு, குடும்பம் குடும்பமாக அவர்கள் அங்குச் சென்றனர். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன.

சுரங்கத் தொழிலுக்கு விசை மிகுதியாக வேண்டும். ஆழத்திலிருந்து பாறையையும் மக்களையும் மேலே தூக்க வேண்டும். ஊறும் நீரை இறைக்க வேண்டும். காற்றைக் கீழே செலுத்த வேண்டும். பொன் கலந்த பாறையை இடித்துப் பொடியாக்க வேண்டும். இவற்றையெல்லாம் முதலில் நீராவிப் பொறிகளே செய்தன. அவற்றிற்கு வேண்டிய எரிபொருளைத் தொலைவிலிருந்து கொண்டுவர நேர்ந்தமையால் செலவு பெருகிற்று.

அக்காலத்தில் மைசூர் நாட்டின் திவானாக இருந்தவர் சேஷாத்திரி ஐயர் என்னும் அறிஞர். சிவசமுத்திரத்தில் காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து, ககனசுக்கி, பரசுக்கி என்னும் இரு அருவிகளாக வீழ்கிறது. காலங்காலமாகக் கண்ணுக்கு விருந்தாக மட்டும் இருந்த அந்த அருவியின் விசையைக் கொண்டு கோலார்ச் சுரங்கங்களை இயக்கலாம் என்னும் எண்ணம் எழுந்தது. அமெரிக்காவில் 1882-இல் ஆப்பிள்டன் என்னும் ஊரிலே முதல் நீர்மின் நிலையம் இயங்கியது; 1896-இல் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரை அடைந்தது. இந்தியாவில் 1897-இல் டார்ஜிலிங்கின் சித்ரபோங் என்னுமிடத்தில் சிறியதொரு நிலையம் ஏற்பட்டது. ஆயினும் அது நகரத்துக்கு விளக்கேற்றும் அளவினதே. பெருந்தொழில் ஒன்றை நீர்மின்னால் நடத்துதல் இந்நாட்டிற்குப் புதிது.

கனடாவிற் பிறந்த டி லாட்பினியர் என்னும் பொறியியல் அதிகாரி இத்திட்டத்தை வகுத்தார். சுழலிகள் சுவிட்சர்லாந்திலிருந்தும், மின்பொறிகள் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. சிவசமுத்திரத்திலிருந்து கோலார்ச் சுரங்கங்கள் 92 மைல் தொலைவில், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர்த் தொலைவில், உள்ளன. அவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தைக் கம்பிவழியே கொண்டு செல்லுதல் அந்நாளில் உலகமே வியந்து நோக்கிய செயலாகும். 1902-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், காவிரியின் விசை கோலாரை அடைந்தது. தொடக்கத்தில் நிலையத்தின் திறன் ஏறத்தாழ 4,300 கிலோவாட் மட்டுமே. 1905-இல் அதே அருவியின் மின்சாரம் பெங்களூர்த் தெருக்களுக்கு ஒளி தந்தது. இத்திட்டத்திற்கு முனைந்து வழிகோலிய சேஷாத்திரி ஐயர், அது நிறைவெய்துமுன் 1901-இல் உயிர் நீத்தார். மரம் நடுவோர் அனைவரும் அதன் கனியை உண்ணுவதில்லை அன்றோ!

மின்சாரம் வந்தபின் சுரங்கங்கள் மேலும் மேலும் ஆழ்ந்தன. 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், பாறையின் வெம்மை தாங்கொணாத இடத்தில், தொழிலாளர் உழைத்தனர். பாறை வெடித்துச் சரிந்ததால் உயிரிழந்தோர் பலர். கல்தூசியால் நுரையீரல் கெட்டு மாய்ந்தோர் பலர். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் அங்கு எடுக்கப்பட்ட பொன் 800 டன் அளவினதென்பர். ஆனால் பொன்னின் இயல்பு என்ன? எடுத்தால் குறைவது. ஆழம் பெருகப் பெருகச் செலவு பெருகிற்று. கிடைக்கும் பொன்னோ அருகிற்று. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த மக்கள் வேலை இழந்தனர். பலர் நாள்தோறும் புகைவண்டி ஏறிப் பெங்களூருக்குச் சென்று உழைத்துப் பிழைக்கலாயினர். பொன் பிரித்தெடுக்கப்பட்டபின் எஞ்சிய கழிவு மண் குன்றுகள்போல் குவிந்து இன்றும் அவ்வூரில் நிற்கின்றன.

சிவசமுத்திர அருவியோ தன் பணியை நிறுத்தவில்லை. 1902-இல் தொடங்கிய அம்மின்னிலையம், பொறிகள் புதுப்பிக்கப்பட்டு, நூறாண்டு கடந்தும் இயங்கி வருகின்றது. எந்தச் சுரங்கத்திற்காக அது அமைக்கப்பட்டதோ அச்சுரங்கம் ஓய்ந்தது. அதற்கு விசை தந்த நீர் ஓயவில்லை. தங்கம் தீர்ந்தது, தண்ணீர் தீரவில்லை. தீராத வளத்தின் பெருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எனினும், 'நீர் ஒருநாளும் குறையாது. நாம் கவலையின்றி இருக்கலாம்' என்று எவரும் எண்ணிவிடலாகாது. நீர் மீண்டும் வருவது உண்மையே; ஆனால் அது சில நெறிகளுக்கு உட்பட்டே வரும். அந்நெறிகளைக் காவிரியின் வரலாறே நமக்குக் கற்பிக்கின்றது.

முதல் நெறி, நீரைத் தேக்கி வைத்தல். கோடையில் காவிரி மெலிந்தபோது, சிவசமுத்திரத்துச் சுழலிகளுக்கு வேண்டிய நீர் கிடைக்கவில்லை. ஆண்டு முழுவதும் சீராக நீர் வேண்டுமாயின், மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்கி வைத்தல் இன்றியமையாததாயிற்று. இதன்பொருட்டும் பாசனத்தின்பொருட்டும், விசுவேசுவரய்யா தலைமைப் பொறியாளராய் இருந்த காலத்தில், 1911-இல் கண்ணம்பாடி அணையின் வேலை தொடங்கியது. பின்னர்க் கிருஷ்ணராஜசாகரம் எனப் பெயர் பெற்றது இதுவே.

இரண்டாம் நெறி, பங்கிட்டு வாழ்தல். மேலே நீரைத் தேக்கினால் கீழே தஞ்சை உழவரின் வயல் என்னாகும் என்னும் வினா உடனே எழுந்தது. மைசூர் நாட்டிற்கும் சென்னை மாகாணத்திற்கும் இடையே நெடுநாள் வழக்கு நடந்தது. 1892-இல் முன்னரே ஓர் உடன்படிக்கை இருந்தது. 1924-இல் மற்றோர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதனால் மைசூர் கண்ணம்பாடியில் நீரைத் தேக்கவும், சென்னை மாகாணம் மேட்டூரில் பேரணை கட்டவும் வழி பிறந்தது. அடுத்த ஆண்டே மேட்டூர் வேலை தொடங்கி, 1934-இல் நிறைவுற்றது. ஒரே ஆற்றின் இரு அணைகளும் உடன்பாட்டின்மேல் எழுந்தவை என்பதை மறத்தலாகாது.

மேட்டூரில் 120 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கலாம். நிரம்பிய நிலையில் 93 ஆயிரம் மில்லியன் கனஅடிக்கு மேல் நீர் நிற்கும். 1937-இல் அங்கு மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. இங்கே ஒரு நுட்பத்தை உணர்தல் வேண்டும். மேட்டூர் நீர் முதன்மையாக உழவுக்கு உரியது. பாசனத்துக்குத் திறந்துவிடும் நீரே, போகும் வழியில் சுழலியைச் சுற்றிவிட்டுச் செல்கின்றது. சுழலியைச் சுற்றியதனால் நீரில் ஒரு துளியும் குறைவதில்லை. எரிந்த நிலக்கரி மீண்டும் எரியாது. உழைத்த நீரோ மீண்டும் உழைக்கும். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய நான்கு இடங்களில் கதவணைகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் திறனுள்ள மின்னிலையம் நிறுவியுள்ளனர். மேட்டூரில் ஒருமுறை மின் தந்த நீர், இந்நான்கு இடங்களிலும் மீண்டும் மின் தந்து, பின்னர்த் தஞ்சை வயல்களில் நெல்லாகின்றது. உழுத எருதே பரம்படித்து, அறுவடைக்குப்பின் போரும் மிதித்துத் தருதல்போன்றது இது.

மூன்றாம் நெறி, இழந்தோரை மறவாமை. மேட்டூர் நீர்த்தேக்கத்தினுள் பல ஊர்கள் மூழ்கின. அங்கு வாழ்ந்தோர் வீட்டையும் நிலத்தையும் கோயிலையும் விட்டு அகன்றனர். கோடையில் நீர்மட்டம் தாழும்போது, பண்ணவாடிப் பகுதியில் பழைய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், கிறித்தவக் கோயிலின் கோபுரங்களும் நீருக்கு மேலே தலை காட்டும். அவற்றைக் காணச் செல்வோர், அங்கே ஒரு காலத்தில் அடுப்பெரிந்த வீடுகள் இருந்தன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊருக்கெல்லாம் ஒளி வருவதற்காகச் சிலர் தம் ஊரையே கொடுத்தனர்.

நான்காம் நெறி, காட்டைக் காத்தல். மலைமேல் காடு செறிந்திருந்தால் மழைநீர் மண்ணில் ஊறி, சிறுகச் சிறுகக் கசிந்து, ஆற்றை ஆண்டு முழுதும் உயிரோடு வைத்திருக்கும். காடு அழிந்தால், மழை பெய்த அன்று வெள்ளமும், மறுநாள் வறட்சியுமே மிஞ்சும். அன்றியும், அரித்த மண் வெள்ளத்தோடு வந்து அணையின் அடியிற் படியும். படிந்த வண்டல் அளவுக்கு நீரின் இடம் குறையும். ஆதலின், மலையில் ஒரு மரத்தை வெட்டுதல் அணையின் ஒரு கல்லைப் பெயர்த்தலுக்கு ஒப்பாகும்.

இந்நெறிகளை உளத்திற் கொண்டு மீண்டும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியை நோக்குவோம். கருநாடகத்தின் நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை ஆறு ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டிற் புகுகின்றது. கெலவரப்பள்ளியில் ஓர் அணையும், கிருஷ்ணகிரிக்கு அருகில் மற்றோர் அணையும் அதனைத் தேக்குகின்றன. கிருஷ்ணகிரி அணை, 1950-களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில் உழவுக்கென அமைக்கப்பட்டது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள சாத்தனூர் அணையில், பாசன நீரைக் கொண்டே 7.5 மெகாவாட் திறனுள்ள சிறு மின்னிலையம் பிற்காலத்தில் அமைந்தது. ஆனால் பெங்களூர் நகரின் கழிவுநீர் இவ்வாற்றிற் கலப்பதால், கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீர் பலமுறை நுரை பொங்கி ஓடக் காண்கின்றனர். ஆற்றை விசைக்கும் வயலுக்கும் உரியதாகக் காத்தலோடு, தூயதாகக் காத்தலும் கடமை என்பதை அந்நுரை நினைவூட்டுகின்றது.

காவிரியும் இம்மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையைத் தொட்டே செல்கின்றது. சிவசமுத்திரத்தில் உழைத்துவிட்டு வரும் ஆறு, மேகதாது என்னும் குறுகிய பாறை இடுக்கைக் கடந்து, ஒரு புறம் கருநாடகமும் மறுபுறம் தமிழ்நாடுமாக, அடர்ந்த காட்டினிடையே ஓடுகின்றது. இக்காட்டில் யானைகள் வாழ்கின்றன. பிலிகுண்டுலு என்னுமிடத்தில் ஆற்றின் நீரளவை அரசினர் நாள்தோறும் அளந்து குறிக்கின்றனர். அங்கிருந்து சிறிது தொலைவில், தருமபுரி மாவட்டத்தில், ஒகேனக்கல் அருவி வீழ்கின்றது. இந்நீளத்தில் மேகதாது, ராசிமணல், ஒகேனக்கல் ஆகிய இடங்களில் நீர்மின் திட்டங்களை அமைக்கலாம் என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டது. இரு மாநிலங்களும் ஒருமனப்படாமையால் அவை நிறைவேறவில்லை. அவை அமைந்தால் காடு மூழ்குமே என்னும் கவலையும் உண்டு. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் இறுதித் தீர்ப்பு அளித்தது. உச்சநீதிமன்றம் 2018-இல் அதனைத் திருத்தி, பொதுவாக அமைந்த ஆண்டில் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 177.25 ஆயிரம் மில்லியன் கனஅடி நீர் வரவேண்டும் என்று வரையறுத்தது. அருவி இருந்தால் மட்டும் மின்சாரம் வந்துவிடாது. அக்கரையும் இக்கரையும் உடன்பட்டால்தான் வரும் என்பதை இவ்விடம் காட்டுகின்றது.

ஒகேனக்கலில் மற்றொரு காட்சியும் கருதத் தக்கது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்திருந்தமையால், மக்களின் பற்களும் எலும்புகளும் கெட்டன. இக்குறையை நீக்க, காவிரி நீரைத் தூய்மை செய்து ஊர்களுக்கு அனுப்பும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு அமைக்கப்பட்டு, 2013-இல் தொடங்கியது. ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒகேனக்கலோ 300 மீட்டருக்கும் தாழ்ந்த இடத்தில் உள்ளது. நீர் இறங்கும்போது மின்சாரம் தரும். ஏற்றும்போது மின்சாரத்தைக் கேட்கும். மேட்டு நிலத்து மக்கள் பருகும் ஒவ்வொரு குடம் காவிரி நீரும் மின்விசையாலேயே மேலேறி வருகின்றது. நீருக்கு மின்னும், மின்னுக்கு நீரும் துணையாதலை இதனால் அறியலாம்.

மின்சாரத்தின் தேவையோ இப்பகுதியில் நாளும் வளர்கின்றது. 1970-களில் மாநில அரசு ஓசூரில் தொழில் வளாகத்தை நிறுவியபின், கேழ்வரகும் அவரையும் விளைந்த நிலத்தில் தொழிற்சாலைகள் எழுந்தன. சரக்குந்துகள், ஈருருளி வண்டிகள், கைக்கடிகாரங்கள், பொறிகளின் நுண்ணிய உறுப்புகள் ஆகியவை அங்கே செய்யப்படுகின்றன. அண்மைக் காலத்தில், எண்ணெயின்றி மின்சாரத்தாலேயே ஓடும் வண்டிகளும் இம்மாவட்டத்தில் உருவாகின்றன. அன்று கோலாருக்குப் பொன் எடுக்கச் சென்றோரின் ஊர்களுக்கு, இன்று பிற ஊரார் வேலை தேடி வருகின்றனர்.

இவ்வளவு தேவையையும் நீர்மின் ஒன்றே நிறைவு செய்ய இயலுமோ எனின், இயலாது. ஒரு காலத்தில் நீர்மின்னே நம் மாநிலத்தின் முதன்மை ஒளியாக விளங்கியது. பைக்காரா, மேட்டூர், 1944-இல் வந்த பாபநாசம், கனடாவின் உதவியோடு வளர்ந்த குந்தா முதலியன தொழில் வளர்ச்சிக்கு அடிப்படையாயின. இன்று தமிழ்நாட்டின் நீர்மின் நிலையங்களின் மொத்தத் திறன் ஏறத்தாழ 2,300 மெகாவாட். தேவையோ அதனினும் பன்மடங்கு பெருகிவிட்டது. எஞ்சியதை நிலக்கரியும், அணுவும், காற்றும், வெயிலும் தருகின்றன. மேட்டூரிலேயே, நீர்மின் நிலையத்துக்கு அண்மையில், நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையமும் இயங்குகின்றது.

அவ்வாறாயின் நீர்மின்னின் பெருமை குறைந்துவிட்டதோ? இல்லை, அதன் பணி மாறியுள்ளது. அனல்மின் நிலையத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து இயக்குதற்குப் பல மணி நேரம் ஆகும். நீர்மின் நிலையத்தையோ சில நிமிடங்களில் இயக்கலாம்; சில நிமிடங்களில் நிறுத்தலாம். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கேறும் வேளையில், மதகைத் திறந்தால் மின்சாரம் வந்துவிடும். காற்று எப்போதும் வீசுவதில்லை. வெயில் இரவில் இல்லை. அவை மிகுந்த வேளையில் மின்சாரத்தைச் சேமித்து, குறைந்த வேளையில் வழங்கும் வழி வேண்டும். அதற்கும் நீரே உதவுகின்றது. ஆனைமலைப் பகுதியில் கடம்பாறை என்னுமிடத்தில், மேலே ஒரு நீர்த்தேக்கமும் கீழே ஒரு நீர்த்தேக்கமும் உள்ளன. மின்சாரம் மிகுந்த வேளையில் கீழுள்ள நீரை மேலேற்றி வைக்கின்றனர். மின்சாரம் வேண்டிய வேளையில் அதனைக் கீழிறக்கி 400 மெகாவாட் வரை பெறுகின்றனர். ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம் இறங்கும்போது கிடைப்பதினும் மிகுதி. ஆயினும், வேண்டிய வேளையில் கிடைக்கும் ஒரு பிடி சோறு, வேண்டாத வேளையில் கிடைக்கும் ஒரு படி சோற்றினும் உயர்ந்தது அன்றோ! நீலகிரியின் குந்தாவிலும் 500 மெகாவாட் திறனுள்ள இத்தகைய திட்டம் ஒன்றை வகுத்து அமைத்து வருகின்றனர்.

மழை பொய்க்குமாயின் இவையனைத்தும் தளரும். அணை வறண்ட ஆண்டுகளில் சுழலிகள் ஓய்ந்து நின்றமையை மேட்டூர் கண்டிருக்கின்றது. ஆகையால், மின்விளக்கை வீணே எரிய விடுபவன் மின்சாரத்தை மட்டும் வீணாக்கவில்லை. மலையில் பெய்த மழையையும், ஊரை இழந்தோரின் ஈகையையும் சேர்த்தே வீணாக்குகின்றான்.

கோலார்ச் சுரங்கம் நமக்கு உணர்த்துவது, தீரும் வளம் ஒரு நாள் தீர்ந்தே போகும் என்பது. சிவசமுத்திரமும் மேட்டூரும் உணர்த்துவது, தீரா வளமும் நம் காவலின்றித் தீராதிருக்காது என்பது. காட்டைப் பேணி, ஆற்றைத் தூயதாக வைத்து, அண்டையாரோடு பகிர்ந்து, அளவறிந்து துய்க்கும் மக்களிடமே புனல் ஆண்டுதோறும் மீண்டு வரும். அத்தகைய மக்களுக்கே அது பொன்னினும் சிறந்த செல்வமாகும்.

பயிற்சி

வினாக்கள்

1. நிலத்தின் வளங்கள் எத்தனை வகைப்படும்? ஒவ்வொன்றுக்கும் இரண்டு சான்றுகள் தருக.

2. நீரிலிருந்து மின்சாரம் தோன்றும் முறையை விளக்குக.

3. சிவசமுத்திர மின்னிலையம் எதற்காக, எப்போது அமைக்கப்பட்டது?

4. "உழைத்த நீர் மீண்டும் உழைக்கும்" என்பதை மேட்டூரையும் அதன் கீழுள்ள கதவணைகளையும் கொண்டு விளக்குக.

5. புனல் வளத்தைக் காக்கும் நான்கு நெறிகள் யாவை?

6. காற்று, வெயில் ஆகியவற்றால் பெறும் மின்சாரத்துக்குக் கடம்பாறை போன்ற நிலையங்கள் எவ்வாறு துணை செய்யும்?

மொழிப்பயிற்சி

1. பிரித்து எழுதுக: மின்னாற்றல், தொழிற்சாலை, இன்றியமையாதது, பேரணை.

2. சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக: வழிகோலுதல், அளவறிந்து, உடன்படிக்கை, ஒருமனப்படுதல்.

கட்டுரைப்பயிற்சி

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆறு, ஏரி, அணை ஆகியவற்றுள் ஒன்றனைப் பற்றி, அதன் நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வெப்பணிகளைச் செய்கிறது, எங்குச் சேர்கிறது என்பவற்றை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.